சண்டையின் நடுவே நாடி பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் எதற்காகச் சண்டை என்று கேட்டால் பணம், மாமியார், பிள்ளையின் படிப்பு என்று பதில் வரும். அதெல்லாம் பேச்சைத் தொடங்கி வைப்பவைதான். வார்த்தை தடிக்கத் தொடங்கியதும் உடம்பு பொறுப்பை எடுத்துக்கொள்கிறது.

அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் காட்மனும் ராபர்ட் லெவன்சனும் 1980களில் தம்பதிகளை எதிரெதிரே உட்கார வைத்து, இதயத் துடிப்பை அளந்தபடியே, அவர்களுக்குள் தீராத விஷயத்தைப் பேசச் சொன்னார்கள். துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழும், மனதில் ஏறாது என்கிறார் காட்மன். அந்த நேரத்தில் எவ்வளவு நியாயம் பேசினாலும் வீண்தான்.

மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணுங்கள். 25-க்கு மேல் போனால் பேச்சை நிறுத்த வேண்டும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். கதவை அறைந்துவிட்டு வெளியே போவது நிறுத்துவது ஆகாது. அது இன்னொரு அடி. "இப்ப என்னால சரியாப் பேச முடியல, அரை மணி நேரத்துல வரேன்" என்று நேரம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொன்ன நேரத்தில், போனவரே திரும்பி வந்து பேச்சை எடுக்க வேண்டும். உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் ஆகும். அதற்குள் "அவ அப்படிச் சொன்னா, நான் இப்படிக் கேட்டிருக்கணும்" என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தால் துடிப்பு இறங்கவே இறங்காது. செடிக்குத் தண்ணீர் விடுங்கள், துணி மடியுங்கள்.

திரும்பி வந்து சொல்லும் முதல் வாக்கியத்தில் கவனம் வேண்டும். கணவர் தாமதமாக வந்ததுதான் சண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். "உங்களுக்கு வீட்டு நினைப்பே கிடையாது" என்றால் அது ஆளின் மேல் பாயும் குற்றச்சாட்டு. பதிலுக்கு அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். "ஒன்பது மணி வரைக்கும் போன் வரல, பயந்துட்டேன்" என்பதில் நடந்ததும் இருக்கிறது, உங்கள் மனதும் இருக்கிறது. தாமதம் ஒன்றுதான், கிடைக்கும் பதில் வேறு.

இன்னொன்று. தம்பதிகளுக்குள் வரும் பிணக்குகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீராமலே தொடர்பவை என்று காட்மன் கண்டார். ஒருவர் சேமிப்பவர், ஒருவர் செலவழிப்பவர்; அது சுபாவம். அதை மாற்ற முயல்வதைவிட, மாதாமாதம் இருவரும் கேள்வி கேட்காமல் செலவழிக்க ஒரு தொகை என்று பேசி வைத்துக்கொள்ளலாம்.

கை ஓங்கும் வீட்டுக்கு இவை எதுவும் பொருந்தாது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. பெண்கள் 181 என்ற எண்ணில் எந்த நேரமும் உதவி கேட்கலாம்.

வணக்கம்.