மலைக்காட்டு மண் ஒரே மண் அல்ல

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளியில் புவியியல் படித்தவர்களுக்கு மண் வகைகளின் பட்டியல் ஒன்று நினைவிருக்கும். வண்டல் மண், கரிசல் மண், செம்மண், சரளை மண் என்று வரிசையாகப் போகும். ஓரத்தில் 'மலைக்காட்டு மண்' என்று ஒன்று நிற்கும். கரிசல் என்றாலும் செம்மண் என்றாலும் நிறம் தெரிகிறது. வண்டல் என்றால் தண்ணீர் கொண்டுவந்து சேர்த்தது என்று புரிகிறது. மலைக்காட்டு மண் என்ற பெயரிலோ இருப்பிடத்தைத் தவிர வேறு தகவலே இல்லை. மலைமேல் இருக்கிறது, அதன்மேல் மரம் நிற்கிறது, அவ்வளவுதான். அது ஆழமான மண்ணா, ஒரு சாண் தோண்டினால் பாறை தட்டுமா, தண்ணீரைப் பிடித்து வைக்குமா, பெருமழைக்குச் சரிந்து இறங்குமா, இதில் எதற்கும் அந்தப் பெயரில் பதில் கிடையாது. ஒரே சரிவில், ஒரே காட்டுக்குள், நூறு அடி இறங்குவதற்குள் மண்ணின் வகை மாறிவிடலாம். இதை ஒரே பெயரில் அடக்குவது சரியில்லை என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

மண்ணின் வகையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் குழி வெட்டித்தான் ஆக வேண்டும். சரிவில் வெட்டும்போது மேட்டுப் பக்கத்துச் சுவரைத்தான் ஆராய்வோம். அதனால் அந்த விளிம்பில் யாரும் கால் வைக்கக் கூடாது, தோண்டிய மண்ணை அங்கே கொட்டவும் கூடாது. சருகு மிதிபட்டு அமுங்கிவிட்டால், பார்க்க வேண்டிய முதல் அடுக்கே கெட்டுவிடும். பாறை தட்டும் வரை, இல்லாவிட்டால் ஒன்றரை இரண்டு மீட்டர் ஆழம் வரை போவோம். சாலைக்காக வெட்டிவிட்ட மண்சுவர்தான் இருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது வெயிலில் காய்ந்து, மழையில் கழுவப்பட்டு, மேலிருந்து வழிந்த சேறு பூசிக்கொண்டு நிற்கும். நன்றாக உள்ளே வரை செதுக்கி எடுத்த பிறகுதான் அதை நம்பலாம்.

இப்போது அந்தச் சுவரை மேலிருந்து பார்ப்போம். முதலில் இந்தப் பருவத்தில் விழுந்த சருகு. எந்த மரத்து இலை என்று இன்னும் சொல்லிவிடலாம். அதை விலக்கினால் முன்பு விழுந்த இலைகள், நரம்பு மட்டும் மிஞ்சி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். இடையிடையே வெள்ளை வெள்ளையாக நூல் ஓடும். அது பூஞ்சை இழை. இன்னும் கீழே போனால் இலை என்றே அடையாளம் தெரியாத கறுத்த மக்கு. விரலில் தேய்த்தால் மணலின் நறநறப்பு இருக்காது, வழவழவென்று கறை பிடிக்கும். இந்த மூன்றையும் சேர்த்து 'ஓ' அடுக்கு என்கிறோம். உழுத நிலத்தில் இது இருப்பதில்லை. காட்டு மண்ணை மற்ற மண்ணிலிருந்து பிரித்துக் காட்டுவது முதலில் இந்த அடுக்குதான். ஆய்வுக்கு மண் எடுக்கப் போகிறவர்கள் பலர் இதைக் குப்பை என்று ஒதுக்கித் தள்ளிவிட்டு, 'அசல் மண்' எங்கே என்று தேடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும்.

ஏனென்றால் அந்த மக்கு கீழே உள்ள மண்ணோடு எப்படிச் சேர்கிறது என்பதே பெரிய செய்தி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டென்மார்க்கின் வனவியலாளர் பீட்டர் எராஸ்மஸ் முல்லர் காடுகளில் இதைக் கூர்ந்து பார்த்தார். சில இடங்களில் மண்புழுக்கள் சருகை இழுத்துக்கொண்டு போய் மண்ணோடு பிசைந்துவிடுகின்றன. அங்கே மக்கு எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. வேறு சில இடங்களில், குறிப்பாகக் குளிர்ந்த, அமிலம் மிகுந்த ஊசியிலைக் காடுகளில், புழுக்கள் குறைவு. பூஞ்சைதான் அங்கே பெரும்பாலான வேலையைச் செய்கிறது. மக்கு தனிப் படலமாக மேலேயே தங்கிவிடும். கத்தியை நுழைத்தால் அப்படியே பிரிந்து வரும். மேலே நிற்கும் மரம் ஒன்றாகவே இருந்தாலும், இந்த இரண்டு மண்ணும் வெவ்வேறு வழியில் வளர்கின்றன.

மக்குக்குக் கீழே 'ஏ' அடுக்கு. இருண்ட நிறம், கையில் எடுத்து மெல்ல அமுக்கினால் சிறுசிறு உருண்டைகளாக உதிரும். எடையும் குறைவு. வயல் மண் ஒரு கனசென்டிமீட்டருக்கு 1.3 கிராம் போல இருக்கும் என்றால், காட்டு மேல்மண் பல இடங்களில் 1 கிராமுக்கும் கீழே நிற்கும். உள்ளே அவ்வளவு துளைகள் இருக்கின்றன என்று அர்த்தம். வேர் செத்த வழி, புழு போன வழி, எறும்பு குடைந்த வழி எல்லாம் அதில் அடக்கம். கொட்டுகிற மழை சரிவில் ஓடாமல் உள்ளே இறங்குவது இந்தத் துளைகளால்தான்.

அதற்கும் கீழே 'பி' அடுக்கு. வகைப்பாட்டின் தலையெழுத்து பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. பாறையிலிருந்து வெளிப்பட்ட இரும்பு துருவாக மாறி மண்ணுக்கு நிறம் கொடுக்கும். ஈரமும் குளிர்ச்சியுமான இடத்தில் மஞ்சள் கலந்த பழுப்பு, வெப்பமும் இடையிடையே உலர்ச்சியும் உள்ள இடத்தில் சிவப்பு. நிறத்தை வாய்க்கு வந்தபடி சொல்வதில்லை. மண் நிறங்களை வரிசைப்படுத்திக் குறியிட்ட மன்செல் நிற அட்டையை மண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, மண்ணை ஈரமாக்கிப் பார்த்துக் குறிப்போம். பிறகு ஒரு கட்டியை உடைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியாக அதன் முகத்தைப் பார்ப்போம். மேலேயிருந்து தண்ணீரோடு களி, அதாவது மிக நுண்ணிய களிமண் துகள், இறங்கி வந்திருந்தால், கட்டியின் முகத்திலும் துளைகளின் உட்சுவரிலும் மெழுகு பூசியதைப் போன்ற மெல்லிய பளபளப்பு தெரியும். அந்தப் பூச்சு படிய நீண்ட காலம் ஆகும். அவ்வளவு காலம் அந்தச் சரிவு அசையாமல் இருந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

மலைக்காட்டு மண் பெரும்பாலும் அமிலமாகவே இருக்கும். பி.எச். எனப்படும் கார அமில நிலை 4 முதல் 6 வரை என்பது சாதாரணம். மழை ஏராளம். வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயு தண்ணீரில் கரைகிறது. மக்கும் சருகிலிருந்து கரிம அமிலங்கள் இறங்குகின்றன. சுண்ணாம்புச்சத்து, மக்னீசியம், சாம்பல்சத்து மூன்றும் கழுவப்பட்டுப் போக, அவை இருந்த இடத்தில் ஹைட்ரஜனும் அலுமினியமும் உட்காருகின்றன. இந்த அளவுகோலில் ஒரு புள்ளி குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது. ஆக 4.5க்கும் 6.5க்கும் நடுவே உள்ள தூரம் நூறு மடங்கு. அமில மண்ணில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், இரும்போடும் அலுமினியத்தோடும் கட்டுண்டு கிடக்கும். இதை மண்ணின் குறை என்று நினைத்துச் சுண்ணாம்பு போடலாமா என்று கேட்கிறார்கள். பயிர் வைக்கும் நிலத்தில் அது சரி. இயற்கைக் காட்டுக்கு அந்த வைத்தியம் தேவையில்லை என்பது என் கருத்து. அங்குள்ள மரங்கள் வேரோடு கூடி வாழும் பூஞ்சைகளின் துணையோடு, விழுந்த இலையிலிருந்தே சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன.

இனி வகைப்பாடு. மண் என்பது நொறுங்கிய பாறை மட்டுமல்ல, தனக்கென ஒரு பிறப்பும் வளர்ச்சியும் உள்ள இயற்கைப் பொருள் என்று நிலைநாட்டியவர் ரஷ்யாவின் வசீலி தொகுச்சாயெவ். ஆண்டு 1883. தட்பவெப்பம், உயிரினம், நில அமைப்பு, தாய்ப்பாறை, காலம் என்று ஐந்து காரணிகளை 1941இல் ஹான்ஸ் யென்னி ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். மலையில் இந்தக் காரணிகள் குறுகிய தூரத்துக்குள் மாறிவிடும் என்பதுதான் சிக்கலே.

இன்று உலகில் பரவலாகப் பயன்படுபவை இரண்டு முறைகள். 1975இல் முழு வடிவில் வெளியான அமெரிக்க முறையில் இப்போது 12 பெரும்பிரிவுகள். 'வேர்ல்டு ரெஃபரன்ஸ் பேஸ்' எனப்படும் உலக ஆதார முறையில் 32 தொகுதிகள். இரண்டிலும் வழி ஒன்றுதான். முதல் வகையின் நிபந்தனைகளைக் கேள், பொருந்தவில்லையா, அடுத்ததற்குப் போ. உலக ஆதார முறையில், 25 சென்டிமீட்டருக்குள் தொடர்பாறை, அதாவது இடைவிடாத கெட்டிப் பாறை, வந்துவிட்டால் அது லெப்டோசால். முகட்டிலும் செங்குத்தான சரிவிலும் பெரும்பாலும் இதுதான். கொஞ்சம் கீழே, நிறமும் கட்டமைப்பும் மாறி 'பி' அடுக்கு உருவாகத் தொடங்கியிருந்தால் கேம்பிசால். அமெரிக்க முறையில் அதைப் பெரும்பாலும் இன்செப்டிசாலில் சேர்ப்பார்கள். உலகின் மலைக்காடுகளில் இவ்வகை ஏராளம். சரிவில் மண் ஓயாமல் நகர்வதால் முதிர்ச்சி அடைய அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

சரிவு தணிந்து, மண் நிலைத்து நிற்கும் இடத்தில் கதை வேறு. மேல் அடுக்கில் களி 20 சதவீதமும் கீழே 24 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, நான் சொன்ன பளபளப்பும் தெரிந்தால், களி இறங்கிய மண் என்று அமெரிக்க முறை ஏற்றுக்கொள்ளும். அதிலும் இரண்டு. ஆழத்தில், சத்தைப் பிடித்து வைக்க மண்ணில் உள்ள இடங்களில் சுண்ணாம்பு, மக்னீசியம் போன்றவை நிரப்பியிருக்கும் பங்கு 35 சதவீதத்துக்கு மேல் என்றால் ஆல்ஃபிசால், கீழே என்றால் அல்டிசால். பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றலாம். ஆய்வகம்தான் பிரித்துச் சொல்லும்.

குளிர்ந்த ஊசியிலைக் காட்டின் மணற்பாங்கான மண்ணில் இன்னொரு அதிசயம். கரிம அமிலங்கள் இரும்பையும் அலுமினியத்தையும் பிடித்துக் கீழே இறக்கிவிடும். நடுவில் அடுப்புச் சாம்பல் நிறத்தில் ஒரு வெளிறிய பட்டை, அதன் அடியில் திடீரென்று கறுப்பும் செம்பழுப்புமாக ஒரு பட்டை. பாட்சால் என்ற இந்த மண்ணை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். எரிமலைச் சாம்பலில் பிறந்த ஆண்டோசால் இதற்கு நேர்மாறு. கன்னங்கரேலென்று ஆழமாக இருக்கும், எடையே தெரியாது. சோதனையில் சேர்க்கும் மணிச்சத்தில் 85 சதவீதத்துக்கு மேல் பிடித்து வைத்துக்கொள்ளும்.

உயரமும் பெயருக்குள் வருகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அமெரிக்க முறை மண்ணின் வெப்பத்தை 50 சென்டிமீட்டர் ஆழத்தில் அளந்து கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள வேறுபாடு 6 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் அதைத் தனியே குறிக்கிறது. வெப்பமண்டல மலைகளுக்கும் மிதவெப்ப மலைகளுக்கும் உள்ள முக்கியமான பிரிவு இது. ஓராண்டு முழுக்க ஒரே குளிர்ச்சியில் இருக்கும் மண்ணில் மக்குவது ஒரு விதம், கோடையில் சூடேறி குளிர்காலத்தில் உறையும் மண்ணில் மக்குவது வேறு விதம்.

இவ்வளவும் எதற்கு என்றால், தப்பான பெயரில் கணக்குப் போட்டால் கணக்கும் தப்பாகிவிடும். ஒரு உதாரணம். ஒரு ஹெக்டேரில் 30 சென்டிமீட்டர் ஆழ மண், அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு 0.8 கிராம், கரிமம் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 120 டன் கரிமம். ஆனால் ஆய்வகம் சோதிப்பது 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து எடுத்த மண்ணை மட்டும்தான். அந்தச் சரிவில் கன அளவில் 40 சதவீதம் கல்லும் சரளையும் இருந்தால், உண்மையில் உள்ளது 72 டன்தான். குழிச்சுவரில் கல்லின் அளவைக் குறிக்காமல் படிவத்தில் வெறுமையாக விட்ட ஒரு கட்டம், 48 டன்னை இல்லாமலே இருப்பதாகக் காட்டிவிடும்.

சரிவு நிலைப்பதும் இப்படித்தான். மெல்லிய மண் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் இடத்தில், இறங்கிய மழைநீர் பாறை முகத்தில் தேங்கும். மண்ணைப் பிடித்து வைத்திருப்பது வேர். மரத்தை வெட்டிய அன்றே ஆபத்து வருவதில்லை. சில ஆண்டுகளில் பழைய வேர் உளுத்துப்போகும், புதுக் கன்றுகளின் வேர் அதன் இடத்தை இன்னும் எட்டியிருக்காது. அந்த இடைக்காலத்தில் வரும் பெருமழைதான் மண்ணை மொத்தமாக இறக்கும். ஆழமான பழுப்பு மண்ணுக்கும் லெப்டோசாலுக்கும் ஒரே வெட்டுத் திட்டம் போடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

மலைப் பகுதி மண் வரைபடங்களில் ஒரே கட்டத்துக்குள் இரண்டு மூன்று மண் பெயர்களைச் சேர்த்து, எது எவ்வளவு சதவீதம் என்று எழுதியிருப்பார்கள். அந்த அளவுக்கு நுணுக்கமாக எல்லை பிரித்து வரைய முடியாது என்பதால் அப்படி. அதில் முதலில் உள்ள பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு சாலையோ கட்டடமோ நடவோ திட்டமிடாதீர்கள். வேலை நடக்கப்போகும் அதே இடத்தில், முகட்டில் ஒன்று, நடுச்சரிவில் ஒன்று, அடிவாரத்தில் ஒன்று என்று குழி வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சருகு அடுக்கின் கனத்தையும் கல்லின் அளவையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள்.

நன்றி, வணக்கம்.