முதல் சுற்றிலேயே முன்னால்

(சேலத்தில் தடகளப் பயிற்சி பெறும் மாணவர்களிடையே பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். காலையிலிருந்து உங்கள் எண்ணூறு மீட்டர் ஹீட்ஸை, அதாவது தகுதி ஓட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சுற்று முழுக்க ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் ஒளிகிறீர்கள். முன்னால் போனால் கடைசி நூறில் கால் கட்டிவிடும் என்ற பயம். பயத்தில் நியாயமும் இருக்கிறது. எதிர்காற்றை வாங்குகிறவன் முன்னால் போகிறவன்தான்.

2012 ஆகஸ்ட் 9, லண்டன் ஒலிம்பிக் இறுதிப் போட்டி. பணப் போட்டிகளில் வேகம் பிடித்துக் கொடுக்க ஒரு பேஸ்மேக்கர் இருப்பார், ஒலிம்பிக்கில் அது கிடையாது. கென்யாவின் டேவிட் ருடிஷா அவரவர் லேனை விட்டு உள்ளே வரலாம் என்ற கோட்டைத் தாண்டியதும் முன்னால் வந்தார், அப்புறம் யாருக்கும் இடம் விடவில்லை. முதல் சுற்று 49.28 விநாடி. அடுத்த சுற்று 51.63. கூட்டிப் பாருங்கள்: 1 நிமிடம் 40.91 விநாடி. 1:41-க்குள் ஓடிய முதல் மனிதர்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது பின்னால் வந்தவர்கள்தான். இரண்டாவதாக வந்த போட்ஸ்வானா பையன் நைஜல் ஏமோஸுக்கு வயது 18, 1:41.73 ஓடி ஜூனியர் உலக சாதனை வைத்தான். எட்டாவது, அதாவது கடைசி ஆள், பிரிட்டனின் ஆண்ட்ரூ ஒசாகி: 1:43.77. நான்கு வருடம் முன்னால் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கிய நேரமே 1:44.65! ஒருவர் இழுத்த இழுப்பில் எட்டுப் பேரும் பறந்தார்கள்.

ருடிஷா பயிற்சி செய்த கென்யாவின் ஐட்டன் ஊர் 2,400 மீட்டர் உயரம். நம் ஏற்காடு 1,500 மீட்டர் அளவுதான். அதனால் மலைக்காற்றை நம்பி மூட்டை கட்ட வேண்டாம். ஆனால் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஓடிப் பாருங்கள், தொடை பதில் சொல்லும்.

முன்னால் ஓடித் தோற்றவரும் உண்டு. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் இறுதியில் முதல் சுற்றில் முன்னால் போனவர் நம் ஸ்ரீராம் சிங். கியூபாவின் ஹுவான்டோரெனா அவரைத் தாண்டி 1:43.50 என்று உலக சாதனை படைத்தார். ஸ்ரீராம் சிங்குக்கு ஏழாவது இடம், 1:45.77. அந்த ஏழாவது இடத்து நேரத்தை இன்னொரு இந்தியர் தாண்ட 2018 வரை ஆயிற்று. ஜின்சன் ஜான்சன் தாண்டினார்.

சரி, வெயில் ஏறுகிறது. மத்தியானம் இறுதிப் போட்டி. கண்ணு, அந்த நீலச் சட்டை, ஹீட்ஸில் நீ மூச்சே வாங்காமல் முடித்தாய். இந்தத் தடவை முந்நூறு மீட்டரிலேயே கூட்டத்தை விட்டு முன்னால் வா. தண்ணீர் குடித்துவிட்டு வார்ம்அப்புக்குக் கிளம்புங்கள்.