எலியின் பாதமும் அம்மாவின் முழங்காலும்

அவையோருக்கு வணக்கம்.

முடக்கத்தான் கொடியை அறியாதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். வேலியில் படர்ந்து கிடக்கும். பலூன் மாதிரிக் காயை உடைத்தால் மிளகளவு கருப்பு விதை, அதில் வெள்ளையாக ஓர் இதயக் குறி. முடக்கை அறுப்பதால் முடக்கறுத்தான் என்றார்கள். அந்தப் பெயரே ஒரு கருதுகோள். அதைச் சோதிப்பது எப்படி?

இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டுகிறோம். எத்தனால் ஆவியான பின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கரும்பச்சைப் பிசுக்குதான் சத்து. காராஜீனன் என்று செம்பாசியிலிருந்து எடுக்கும் ஒரு பொருள் உண்டு. அதன் 1 சதவீதக் கரைசலில் 0.1 மி.லி.யை எலியின் பின்னங்கால் பாதத்தில் ஊசி வழியே ஏற்றினால் மூன்று, நான்கு மணி நேரத்தில் பாதம் உப்பிவிடும். கணுக்காலில் மையால் கோடு போட்டு, அந்தக் கோடு வரை பாதத்தைத் திரவத்தில் அமிழ்த்தி, திரவம் எவ்வளவு மேலேறுகிறது என்று அளக்கிறோம். வின்டரும் சகாக்களும் 1962இல் வெளியிட்ட முறை இது. ஒரு குழு எலிகளுக்கு நம் சத்து, இன்னொரு குழுவுக்கு வீக்கத்தைக் குறைக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த இண்டோமெதசின் மருந்து, மூன்றாவது குழுவுக்கு மருந்தே கிடையாது.

ஆனால் இது சில மணி நேர வீக்கம். முடக்குவாதம் வருடக்கணக்கில் மூட்டை அரிப்பது. அதைச் சோதிக்க, செத்த காசநோய்க் கிருமியை எண்ணெயில் குழைத்து எலிக்குச் செலுத்தி மூட்டு வீக்கத்தை வரவழைத்து, மூன்று நான்கு வாரம் காத்திருந்து பார்க்க வேண்டும். முதல் சோதனையோடு நிறுத்திவிட்டு "மூட்டுவலிக்கு மருந்து ரெடி" என்று அறிவிப்பது எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். எலிக்குக் கிலோவுக்கு 400 மி.கி. கொடுத்தோம் என்று வையுங்கள். மனிதருக்கு மாற்ற ஏறத்தாழ 6.2ஆல் வகுக்க வேண்டும். 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 4 கிராம் சத்து. நூறு கிராம் பொடியில் பத்து கிராம் சத்து கிடைத்தால், தினம் 40 கிராம் உலர்ந்த பொடி! தோசை மாவில் நாம் அரைத்துப் போடுவது ஒரு கைப்பிடி பச்சை இலை. எலி தின்றதும் நாம் தின்பதும் ஒன்றல்ல. அந்தக் கைப்பிடி அளவை வைத்தே மனிதரிடம் சோதித்தால்தான் தோசைக்குப் பதில் கிடைக்கும்.

மனிதரிடம் சோதிப்பது இன்னும் சிரமம். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் வைத்தியம் தேடுகிறோம். பிறகு அது தானாகவே கொஞ்சம் தணியும். அதனால்தான் பாதிப் பேருக்கு அதே நிறம், அதே கசப்புள்ள வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது.

என் அம்மா ஒரு சமயம் மூலிகைப் பொடி வாங்கிச் சாப்பிட்டார். பத்தே நாளில் மாடிப்படி ஏறினார், எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு மாதத்தில் முகம் நிலா போல உப்பியது, சர்க்கரை ஏறியது. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. இலையை மட்டுமல்ல, பொட்டலத்தையும் சோதிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அம்மா இப்போதும் வாரம் இரண்டு நாள் முடக்கத்தான் தோசை சுடுகிறார். நானும் ஆசையாகச் சாப்பிடுகிறேன். மருத்துவர் எழுதிய மாத்திரையை அவர் அதற்காக நிறுத்தவில்லை.