நின்ற வண்டிக்கு செல்ஃப் அடிக்காதீர்கள்

வணக்கம் நேயர்களே. நான் சென்னையில் கார் மெக்கானிக். மழைக்காலத்தில் வண்டியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தேங்கிய தண்ணீரில் வண்டி அணைந்துபோனால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள், பட்டன் வண்டி என்றால் பட்டனைத் தொடாதீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்த பிறகு வேளச்சேரியிலிருந்து ஒரு டீசல் காரைக் கட்டி இழுத்து வந்தார்கள். "அஞ்சாறு தடவை செல்ஃப் அடிச்சேன் அண்ணே, டக்குன்னு ஒரு சத்தம், அப்புறம் ஒண்ணுமே இல்ல" என்றார் வண்டிக்காரர். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருந்த காகித மடிப்பெல்லாம் நனைந்த நோட்டுப்புத்தகம் மாதிரி ஒட்டிக்கிடந்தது. இன்ஜினை இறக்கிப் பிரித்தோம். ஒரு கனெக்டிங் ராட், அதாவது உள்ளே காற்றை நசுக்கும் பிஸ்டனைத் தள்ளுகிற தண்டு, வளைந்திருந்தது, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவுதான், ஆனால் மேஜையில் கிடத்தினால் ஆடியது. அவருக்குச் செலவுக் கணக்கைச் சொல்ல எனக்கு வாயே வரவில்லை.

ஊசி போடும் சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள், உள்ளே காற்று இருந்தால் தண்டு இறங்கும், தண்ணீர் இருந்தால் அசையாது. இன்ஜினிலும் இதே கதைதான். பெட்ரோல் இன்ஜின் காற்றைச் சுமார் 10 மடங்கு நசுக்குகிறது, டீசல் சுமார் 16 மடங்கு, அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனுக்கு மேலே போக வழியில்லை, பின்னாலிருந்து தள்ளுகிற வேகம் முழுவதையும் ராட் வாங்கிக்கொண்டு வளைகிறது.

உங்கள் வண்டி காற்றை எங்கிருந்து இழுக்கிறது என்று இன்றைக்கே பானெட்டைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் பெட்டியிலிருந்து போகும் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனால் பெரும்பாலும் கிரில்லுக்குப் பின்னாலோ ஹெட்லைட் பக்கத்திலோ அதன் வாய் இருக்கும். நின்ற தண்ணீர் அதற்குக் கீழே இருக்கிறதே என்று நம்பி இறங்காதீர்கள், எதிரே ஒரு பஸ் வந்தால் போதும், அலை பானெட் வரை ஏறும். என் கணக்கு, பாதிச் சக்கரம் மூழ்கும் என்று தோன்றினால் திரும்பிவிட வேண்டும். சப்வே என்றால் யோசிக்கவே வேண்டாம். சைலன்சரில் தண்ணீர் ஏறிவிடும் என்று பயந்து ஆக்சிலரேட்டரை மிதிமிதி என்று மிதிக்கிறவர்கள் உண்டு, அவ்வளவு வேகத்தில் இன்ஜின் முன்பக்கத் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சும். முதல் கியரில் ஒரே சீராக, மெதுவாகப் போங்கள்.

நின்றுவிட்டதா? சரி, இக்னிஷனை அணைத்து நியூட்ரலில் போட்டுத் தள்ளிக் கரையேற்றுங்கள். செல்ஃப் அடிக்காமல் கொண்டுவந்தால் ஸ்பார்க் பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் பல வண்டிகள் பிழைத்துவிடும். இன்னொன்று, சாதாரண இன்சூரன்ஸில் தண்ணீர் புகுந்து கெட்ட இன்ஜினுக்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது, இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும். பாலிசியை எடுத்து ஒருமுறை பாருங்கள்.

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களை எப்படிக் குறை சொல்வது? அப்படி மேட்டில் நிறுத்த முடியாமல் வீட்டு வாசலிலேயே வண்டி மூழ்கியிருந்தால், தண்ணீர் வடிந்ததும் "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஃபில்டர் பெட்டிக்குள் கையை விட்டுப் பாருங்கள், ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஈரம் தட்டினாலோ, ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தாலோ, அப்படியே விட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.