ஸ்கேன் தருவது நிம்மதியே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இரட்டைக் கரு சுமக்கிற வீட்டுக்கு ஸ்கேன் தருவது நிம்மதியா, கவலையா? என் கட்சி நிம்மதி.

எதிரணித் தோழர் ஒரு போடு போட்டார்: "ஸ்கேன் ரூமுக்குள்ள ஒரு கவலையோட போறவங்க, ரெண்டு கவலையோட வெளிய வர்றாங்க!" கை தட்டினீங்க. சரி, ஸ்கேன் பக்கமே போகாத ஒரு வீட்டை நினைச்சுக்குங்க. மருமகளுக்கு அஞ்சாம் மாசம். மாமியார் சொல்றாங்க: "வயித்தைப் பாரு, ரெண்டும் ராஜாப் பிள்ளைங்க!" மூணு நாள்ல ஜாக்கெட் பத்தலை. "பார்த்தியா வளர்த்தி!" நைட்டி வாங்கினாங்க. அடுத்த வாரம் நைட்டியும் பத்தலை. "டபுள் எக்ஸ்எல் எடுடா!" மருமகளுக்கு மூச்சு வாங்குது. மாமியார் தெருவெல்லாம் பெருமை பேசுறாங்க. அம்மா... வளர்ந்தது பிள்ளை இல்லைம்மா, பனிக்குட நீர்!

ஒரே தொட்டியிலிருந்து ரெண்டு வீட்டுக்குக் குழாய் போட்ட மாதிரி, ஒரே நஞ்சுக்கொடியில ரெண்டு பிள்ளை. இப்படிப்பட்ட கருக்கள்ல நூத்துக்கு 10 முதல் 15 வரை, ஒரு பிள்ளையோட ரத்தம் இன்னொண்ணுக்குப் போய்க்கிட்டே இருக்கும். வாங்குற பிள்ளையைச் சுத்தி நீர் ஆழம் 8 சென்டிமீட்டருக்கு மேல. கொடுக்கிற பிள்ளைக்கு 2 சென்டிமீட்டர்கூட இல்லை. நோய் முத்தினா அதோட சிறுநீர்ப்பையே ஸ்கேன்ல தெரியாது. மாமியார் டபுள் எக்ஸ்எல் தேடிக்கிட்டிருக்காங்க!

11 வாரத்திலிருந்து 14 வாரத்துக்குள்ள பார்த்தா, ரெண்டு பிள்ளைக்கும் நடுவுல இருக்கிற சவ்வு நஞ்சுக்கொடியில சேர்ற இடம் லாம்டா (λ) வடிவமா, 'டி' (T) வடிவமான்னு தெரியும். 'டி'ன்னா ஒரே நஞ்சுக்கொடி. 16-ஆம் வாரத்திலிருந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். கோளாறு முத்தினா கருப்பைக்குள்ள மெல்லிய குழாய் விட்டு, ரெண்டு பிள்ளையையும் இணைக்கிற ரத்தக்குழாய்களை லேசரால அடைக்கலாம். 2004-ல வந்த ஐரோப்பிய ஆய்வுல, ஒரு பிள்ளையாவது பிறந்து 28 நாள் தாண்டினது லேசர்ல 76 சதவீதம். நீரை மட்டும் வடிச்சதுல 56.

சில நேரம் ஒண்ணை விட்டுத்தான் இன்னொண்ணைக் காப்பாத்தணும். அப்பவும் விடுற பிள்ளைக்கு ஊசி மருந்து போட முடியாது, இணைப்பு வழியா மற்றதுக்கும் போயிடும். அதோட தொப்புள்கொடியை வெப்பத்தால அடைக்கணும். அதுவா இறக்கட்டும்னு விட்டா, உயிரோட இருக்கிற பிள்ளையோட ரத்தம் இறந்ததுக்குள்ள பாயலாம்; உயிரோட இருக்கிறதோட மூளை பாதிக்கலாம். ரெண்டுல எதுன்னு சொல்லுன்னா, எந்தத் தாய் சொல்லுவா?

அவ கேக்குறது வேற: "நான் என்ன தப்புப் பண்ணேன் டாக்டர்? மாடிப்படி ஏறினேனே, பப்பாளி தின்னேனே..." ஸ்கேன் திரையைக் காட்டி, "ரத்தக்குழாய் இணைப்பும்மா, நீ எதுவுமே பண்ணலை"ன்னு ஒருத்தர் சொல்றாரு பாருங்க, ஊரெல்லாம் அவ தலையில போட்ட பழி அங்கே இறங்குது. தோழரே, ரெண்டு கவலைன்னு கணக்குப் போட்டீங்களே, அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுட்டு வந்து பேசுங்க. வணக்கம்!