நாலு அடுப்பு, ஒரே முற்றம்

நடுவர் அவர்களே, ஆடிக் கூழ் குடித்த கையோடு அம்மன் கோயில் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, அக்கா தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். கல்யாணமான பிள்ளைகள் பெற்றவர்களோடு ஒரே அடுப்பில் இருப்பதா, தனிக்குடித்தனம் வைப்பதா, எது குடும்பத்தைக் காக்கும் என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "அடுப்பு பிரிந்தால் உறவும் பிரிந்துவிடும்" என்று அடித்துச் சொன்னார். தனிக்குடித்தனமே என்று பேச நான் வந்திருக்கிறேன்.

அண்ணே, 1989-ல் நம்ம வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். 2019-ல் வேலூரையும் மூன்றாக்கி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று தனித்தனியாகக் கொடுத்தார்கள். அதற்காக ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போன வாலாஜாக்காரர், வேலூரோடு நின்ற குடியாத்தத்தில் பெண் எடுப்பதை நிறுத்திவிட்டாரா?

நான் வாக்கப்பட்ட வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர். குழந்தை குட்டியோடு 13 பேருக்கு ஒரே அடுப்பு. அத்தையும் மாமாவும் தங்கமானவர்கள், அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் என் பையனுக்குக் காய்ச்சல். மிளகு ரசமும் குழைந்த சோறும் கேட்டான். அன்றைக்குக் கொல்லையில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்க ஆட்கள் வந்திருந்தார்கள், அடுப்பில் களிப் பானை. அத்தையைக் கேட்டேன், பெரிய ஓரகத்தியைக் கேள் என்றார். அக்காவைக் கேட்டேன், ஆட்கள் சாப்பிட்டு முடியட்டும் என்றார். வெயிலில் குனிந்து வேலை செய்கிறவர்களைக் காக்க வைக்க முடியுமா, அக்கா சொன்னதும் நியாயம்தான். ஆனால் ரசம் கொதித்து இறங்கும்போது பிள்ளை வெறும் வயிற்றோடு தூங்கிப் போயிருந்தான்.

சின்ன ஓரகத்தி ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறாள். விடிந்ததும் விடியாததுமாகக் கம்பெனி பஸ் வந்துவிடும். சம்பளம் மொத்தமும் வீட்டுச் செலவுக்குப் போய்விடும், கேட்டு வாங்க அவளுக்குக் கூச்சம். நாள் முழுக்க ஷூ தைக்கிறவள், வார் அறுந்த செருப்புக்கு ஊக்கு குத்திக்கொண்டு பஸ் ஏறுவாள். இதை நான் கண்ணால் பார்த்தவள், நடுவர் அவர்களே.

அப்புறம் ஒரு தை மாதத்தில் எங்கள் மூன்று பேரையும் தனிக்குடித்தனம் வைக்க மாமாவே நல்ல நாள் பார்த்தார். அத்தைதான் ஒவ்வொரு வீட்டிலும் தன் கையால் பால் காய்ச்சி, உப்பும் மஞ்சளும் ஒரு படி அரிசியும் எடுத்துக் கொடுத்தார். ஒரே சட்டியில் சாப்பிட்ட காலத்தில் யாரும் யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை. எல்லாம் பொது, கொடுக்க என்ன இருக்கிறது? இப்போது அத்தை வீட்டுக் கருவாட்டுக் குழம்பு கிண்ணத்தில் என் வீட்டுக்கு வரும். அந்தக் கிண்ணம் வெறுமனே திரும்பாது, ஒரு முருங்கைக்கீரைப் பொரியலாவது போகும்.

சர்க்கார் நோட்டில் நாங்கள் பிரிந்தவர்கள்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்களைத்தான் ஒரு குடும்பம் என்று எழுதுகிறார்கள். ரேஷன் கார்டுக்கும் தனிச் சமையல் உண்டா என்றுதான் பார்க்கிறார்கள். 2023-ல் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாயும் ஒரு கார்டுக்கு ஒரு பெண்ணுக்குத்தான். அந்த நோட்டை வைத்து எங்கள் வீட்டில் நாலு குடும்பம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் முற்றத்தில் பொங்குவது ஒரு பானை.

சரி, எதிரணி கேட்ட கேள்விகளில் என்னைத் தைத்தது ஒன்று. பெரியவன் வீட்டில் பதினைந்து நாள், சின்னவன் வீட்டில் பதினைந்து நாள் என்று துணிப்பையைத் தூக்கிக்கொண்டு முறைச்சோறு தின்னும் அப்பனுக்கு என்ன பதில் என்று கேட்டார்கள். உண்மை, நம் தெருவிலேயே இருக்கிறது, வயிறு எரிகிறது. ஆனால் அந்தப் பெரியவருக்குச் சொந்தமாக ஓர் அடுப்பு இல்லையே! நிலத்தையும் வீட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவர் கையைப் பார்த்து நிற்கிறார். தனிக்குடித்தனம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று யார் சொன்னது? பெற்றவர்களுக்கும் வேண்டும். எங்கள் மாமா பாகம் பிரித்தபோது கிணற்றடியில் அரை ஏக்கரைத் தனக்கென்று நிறுத்திக்கொண்டார். ஏற்கெனவே எழுதிக் கொடுத்து ஏமாந்தவர்களுக்கும் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. பராமரிப்புக் கேட்டுக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். எங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரம் என்றால், பார்க்காதபோது அதை ரத்து செய்யவும் கேட்கலாம். இங்கே இருக்கும் பெரியவர்கள் இதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் அத்தை, கேஸ் இருந்தாலும் காலையில் வெந்நீருக்கு விறகு அடுப்புதான் மூட்டுவார். போன மார்கழியில் ஒரு நாள் அத்தை வீட்டில் புகை வரவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பின சின்ன ஓரகத்திதான் முதலில் கவனித்தாள். ஓடிப் போய்ப் பார்த்தால், எழுந்திருக்க முடியாமல் தலை சுற்றிப் படுத்திருக்கிறார், மாமா பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவள் பஸ்ஸை விட்டாள். ஆட்டோ பிடித்து அத்தையை வேலூருக்குக் கொண்டுபோனோம், நான் பிளாஸ்க்கும் போர்வையுமாகக் கூடவே போனேன். சாயங்காலம் அத்தையைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தால், பெரியக்கா தன் அடுப்பில் 13 பேருக்கும் சோறு வடித்து வைத்திருந்தார். அத்தைக்கு மட்டும் தனியாக, மிளகு ரசம்.