சுவரில் ஒரு கணம், பலகையில் ஒரு மாரி

வணக்கம் நேயர்களே. போர்க்காலச் சுவரொட்டிகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ரேடியோவை நிறுத்தக் கை நீட்டியவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நம்முடைய சுவர்களைப் பற்றி அல்ல. மட்டக்களப்பில் இருந்துகொண்டு அதை ஒருவருக்கொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் சொல்வது உலகப் போர்களில் பிரிட்டனும் அமெரிக்காவும் அச்சடித்த பிரசாரச் சுவரொட்டிகள். இப்போது அவை ஆயிரம் துண்டு ஜிக்சோவாக, அதாவது துண்டுகளைப் பொருத்திப் படமாக்கும் விளையாட்டாக, பெட்டியில் வருகின்றன. லண்டனில் இருக்கிற உறவுக்காரர் பிள்ளைகளுக்கென்று அனுப்புவார். பிள்ளைகளுக்குப் போன் இருக்கிறது. கடைசியில் பெட்டியைப் பிரிப்பது என்னைப் போல ஓய்வுபெற்ற சித்திர வாத்தியார்தான்.

சுவரொட்டி வரைகிறவனுக்குக் கிடைப்பது ஒரு கணம். சைக்கிளில் போகிறவன் திரும்பிப் பார்க்கிற நேரத்துக்குள் அவனுக்குப் பயமோ ரோசமோ வந்துவிட வேண்டும். யோசிக்க விட்டால் காரியம் கெட்டது. ஜிக்சோ என்ன செய்கிறது? அதே படத்தை மாரி முழுக்க உங்கள் பலகையில் போட்டுவைக்கிறது. யோசிக்காமல் என்ன செய்வீர்கள்?

1917இல் ஜேம்ஸ் மொண்ட்கொமரி ஃபிளாக் வரைந்த அங்கிள் சாமைப் பார்த்திருப்பீர்கள், அமெரிக்காவையே ஓர் ஆளாக்கிக் காட்டும் கற்பனைக் கிழவர். வெள்ளைத் தாடி, உயரத் தொப்பி, ஒரு விரல் நேரே நம் நெஞ்சை நோக்கி நீளும். படையில் சேர் என்கிறார். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் விரல் கூடவே வருகிற மாதிரி இருக்கும். அந்த விரல் நுனித் துண்டை மட்டும் கையில் எடுத்துப் பாருங்கள். அது விரலே இல்லை. மங்கிய ரோசா நிறத்தில் ஒரு உருண்டை, பக்கத்தில் கொஞ்சம் நிழல். நீளமே கிடையாது, நீளத்தைக் கூட்டிக்கொள்வது நம் கண்தான். இன்னொன்று, அந்த முகம் ஃபிளாக்கின் சொந்த முகம். கண்ணாடியைப் பார்த்து வயதைக் கூட்டி, தாடி வைத்து வரைந்துவிட்டார். வேறு ஆளை உட்காரவைக்கிற செலவு மிச்சம்!

எனக்கு மிகவும் பிடித்தவர் பிரிட்டிஷ் கேலிச்சித்திரக்காரர் ஃபூகாஸ். அது புனைபெயர், இயற்பெயர் சிரில் கென்னத் பேர்ட். முதல் உலகப் போரில் கலிப்பொலியில் முதுகெலும்பில் படுகாயம் பட்டவர். போர் என்றால் என்னவென்று தெரிந்த மனிதர். 1940இல், எதிரி காதில் விழும், வாயை அடக்கு என்று சொல்லி ஒரு வரிசையே வரைந்தார், காசு வாங்காமல். ஒன்றில் இரண்டு பெண்கள் பயணத்தில் சுவாரசியமாக ஊர்க்கதை பேசுகிறார்கள். பின் இருக்கையில் ஹிட்லரும் அவருடைய விமானப்படைத் தலைவர் கோரிங்கும் குந்திக்கொண்டு காது கொடுக்கிறார்கள். இன்னொன்றில் அறைச் சுவரில் ஒட்டிய பூத்தாள் முழுக்க ஹிட்லர் முகம். பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்று நம் ஆட்கள் சொல்வதுதான். ஆனால் ஜிக்சோவில் அந்தச் சுவரைப் பொருத்திப் பாருங்கள். மீசை, மீசை, மீசை. எந்த மீசை எங்கே என்று தேடித் தேடி, ஒரு கட்டத்தில் சிரிப்பு வந்துவிடும். பயம் காட்டுவதை விட்டுச் சிரிக்கவைத்து எச்சரித்தவர் அவர். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் அவர் பக்கம்.

அமெரிக்கர்கள் இதையே கடுமையாகச் சொன்னார்கள்: நாக்கு நழுவினால் கப்பல் தாழும் என்று. சரி, நம் கடலுக்கு வருவோம். 1942 ஏப்ரல் 9. திருகோணமலையில் ஜப்பானியர் குண்டு போட்ட அதே நாள், மட்டக்களப்புக் கடலில் ஹேர்மஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலையும் அவர்கள் மூழ்கடித்தார்கள். 307 பேர் இறந்தார்கள். விமானந்தாங்கிக் கப்பல் என்று பேர். அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. கப்பலைக் கண்டுபிடித்தது மேலே பறந்த ஜப்பானிய வேவு விமானம். யாருடைய நாக்கும் நழுவவில்லை. சுவரொட்டி பழியைப் பேசுகிறவன் தலையில் போடுகிறது. விமானம் இல்லாமல் கப்பலைக் கடலுக்கு அனுப்பியவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. சுழியோடிகள் இன்றும் போய் அதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

அப்புறம், 'கீப் காம் அண்ட் கேரி ஆன்'. கோப்பையில், துவாயில், எல்லாவற்றிலும் வருகிறதே, பதறாமல் வேலையைப் பார் என்று, அதேதான். அதுவும் பிரிட்டிஷ் போர்ச் சுவரொட்டிதான், 1939இல் சுமார் 25 லட்சம் அச்சடித்தார்கள். பெரிய குண்டுவீச்சு வந்தால் ஒட்டலாம் என்று வைத்திருந்து, ஒட்டாமலே பெரும்பாலானவற்றைக் கூழாக்கினார்கள். 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அல்னிக் என்ற ஊரில் ஒரு பழைய புத்தகக் கடைக்காரர், ஏலத்தில் எடுத்த பெட்டிக்குள் ஒன்றைக் கண்டெடுத்தார். அன்றைக்குச் சனம் பார்க்காத படம், இன்றைக்கு விலைபோகிறது. ஜிக்சோவாகப் பொருத்துவது மட்டும் தண்டனை. ஒரே சிவப்பு. நிறம் உதவாது, வெட்டின் வடிவத்தைத் தடவித்தான் சேர்க்கவேண்டும். பதறாமல் இருக்கவா முடியும்?

தயாரிப்பாளர் தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மணிக்கட்டைக் காட்டுகிறார். 1760களில் லண்டனில் ஜோன் ஸ்பில்ஸ்பரி பலகையில் ஒட்டிய வரைபடங்களை நாட்டு எல்லையோடு அறுத்து, பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்க விற்றார் என்ற கதையும், பழைய கலண்டர் மட்டையில் நாமே ஜிக்சோ வெட்டுவதும் பாக்கி. விளிம்பை முதலில் வெட்டாதீர்கள், அவ்வளவுதான் இப்போதைக்கு. மாரியில் மட்டை ஊறித் தாள் கிளம்பும். துண்டுகளை இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவையுங்கள். நன்றி, வணக்கம்.